கொல்லிப் பாவையும் மாயப் பெட்டியும்

கொல்லிமலையிலே ஒரு பாவை உண்டு என்றனர் பழந்தமிழ்ப் புலவர். காற்று மோதினும், இடி இடிப்பினும், நிலமே அதிரினும் எழில் குன்றாத பாவை! நற்றிணையில் பரணர் அதனைக் காட்டுவது எதற்காக? வழிபடவா? இல்லை. தன் நெஞ்சைவிட்டு அகலாத பெண்ணுக்கு அதனை உவமை கூறுகிறான் காதலன் ஒருவன். பூதம் செய்த பாவை என்றும், தெய்வம் வரைந்த பாவை என்றும் பாடினர், நாம் மறைக்கவில்லை. ஆயினும் பாட்டிலே அது உவமையாகவே நின்றது.

பின்வந்தோர் கதையை வளர்த்தனர். முனிவர்களைக் காக்கத் தேவதச்சன் செய்த பொறி அது. தானே அசையும், நகைக்கும், மயங்கி நெருங்குவோரைக் கொல்லும் என்றனர். தானே இயங்கும் எந்திரம்! இன்று அறிவியல் புனைகதை என்கிறோமே, அதன் வித்து அல்லவா இது? ஒருவன் செய்த பொறி உயிரைக் குடித்தால் பழி யாருக்கு என்று கேட்டிருக்கலாம். கேட்டோமா? எட்டுக்கை அம்மனே கொல்லிப்பாவை என்றாக்கிக் கற்பூரம் கொளுத்தினோம்.

இதே வகைக் கற்பனை கடல்கடந்த நாட்டிலே எவ்வழி சென்றது என்று காண்போம். அமெரிக்கத் தொலைக்காட்சியில், கதைக்குக் கதை புதிய மாந்தரைக் காட்டும் அறிவியல் புனைவுத் தொடர்கள் 1951-ல் 'டேல்ஸ் ஆஃப் டுமாரோ' வந்தபோதே வேரூன்றிவிட்டன. 1959 அக்டோபர் 2-ல் வந்தது 'ட்விலைட் ஸோன்'. ஐந்தாண்டுகளில் 156 கதைகள். அவற்றில் 92, ராட் செர்லிங் என்பாரின் எழுத்து.

அவர் ஏன் விண்ணுலகக் கதைகளை நாடினார்? மண்ணுலக உண்மையைச் சொல்ல விடவில்லை, அதனால்! 1955-ல் மிசிசிப்பியில் எம்மெட் டில் என்ற பதினான்கு வயதுக் கறுப்பினச் சிறுவன் கொல்லப்பட்டான். வெள்ளையர் மட்டுமே அமர்ந்த நடுவர் குழு, கொலையாளிகளை விடுவித்தது. அக்கொடுமையை நாடகமாக்கினார் செர்லிங். 1956-ல் அது ஒளிபரப்பானபோது கறுப்பினத்தான் காணாமற் போயிருந்தான். அவனிடத்தில் யாரோ ஓர் அயல்நாட்டான். ஊரும் வடக்கே நகர்த்தப்பட்டது. தென்னாட்டை நினைவூட்டுமாம், கோகோ கோலா புட்டிகூடக் கூடாதாம்! பணம் போட்ட கம்பெனிக்காரரின் அச்சம் அத்தகையது.

1960 மார்ச் 4-ல் அவர் ஒரு தெருவைக் காட்டினார். விளக்குகள் அணைகின்றன. வேற்றுலகத்தார் மனித வடிவில் நம்மிடையே இருக்கின்றனர் என்று யாரோ சொல்ல, அண்டை வீட்டான் அண்டை வீட்டானை ஐயுறுகிறான். இருளில் நடந்துவந்த ஒருவனைச் சுட்டும் விடுகின்றனர். அவன் அத்தெருக்காரன்! அருகே ஒரு குன்றின்மீது நின்று உண்மையான வேற்றுலகத்தார் இருவர் பார்த்துக்கொண்டிருக்கின்றனர். விளக்கை அணைத்தது மட்டுமே அவர்கள் வேலை. மற்றதை மனிதன் பார்த்துக்கொண்டான். சேரிக்கும் ஊருக்கும் இடையே சுவர் எழுப்பிய நாட்டார் இக்கதையைக் காணும்போது, அத்தெருவின் பெயர் அயலது என்று ஆறுதல் கொள்ள முடியுமா?

உண்மைக்கு முகமூடி அணிவிப்பது கோழைத்தனம் அல்லவா என்று நண்பர்கள் கேட்கக்கூடும். முறையான கேள்வி. நம் எம்.ஆர். ராதா முகமூடி அணியவில்லை. இராமாயணத்தை இராமாயணம் என்றே பெயரிட்டு மேடையேற்றினார். 1954-ல் சென்னை மாநிலம் நாடகச் சட்டம் இயற்றியபோது, குறி அவரே என்று பேசப்பட்டது. அந்த நெஞ்சுரம் செர்லிங்கிடம் இருந்ததென்று நாம் வாதிடமாட்டோம். வெட்கப்பட வேண்டியவன், செவ்வாய்க் கிரகத்தான் கதை என்று சிரித்துவிட்டு உறங்கப்போயிருப்பான். அந்த இழப்பும் மெய்யே. ஆயினும் ஒன்று: இது கற்பனை உலகம் என்று தொடக்கத்திலேயே தம் குரலில் அறிவித்துவிட்டுத்தான் அவர் கதை சொன்னார். ஏமாற்றவில்லை. கற்பனையை நடந்த நிகழ்ச்சி என்று சாதித்து, ஐயுறுபவனைப் பாவி என்னும் புராணிகனுக்கும் அவருக்கும் வேறுபாடு அங்கேதான்.

அந்தத் தொடர் 1985, 2002, 2019 ஆண்டுகளில் புத்துருப் பெற்றது. 2011-ல் பிரிட்டனில் தோன்றிய 'பிளாக் மிரர்', கையிலுள்ள பொறிகளைக் காட்டி அதே வழியில் கேள்வி கேட்டது.

நம் நாட்டிலும் 1959-லேயே, செப்டம்பர் 15-ல், டில்லியில் அந்தப் பெட்டி ஒளிவிடத் தொடங்கிவிட்டது. 1987-ல் அதில் இராமாயணம் வந்தது. ஞாயிறு காலையில் குளித்துவந்து, பெட்டிக்கு மாலையிட்டு, ஊதுவத்தி ஏற்றியவர்கள் எத்தனை பேர்! கொல்லிமலைக் கற்பூரம் வீட்டுக்கூடம் வரை வந்துவிட்டது.