அடுப்பங்கரை விளக்கு

அம்மா பாளையங்கோட்டையில் தனியாக இருக்கிறாள், நான் சென்னையில். அப்பா இறந்தபின் அந்த வீட்டில் ஒரு ராஸ்பெரி பை கணினியில் ஹோம் அசிஸ்டெண்ட் மென்பொருளைப் போட்டு, நடமாட்ட சென்சார் மூன்று, வாசல் கதவுக்கு ஒன்று, மோட்டாருக்கு ஒரு ஸ்விட்ச் என்று மாட்டினேன். தகவல்கள் எந்த நிறுவனத்தின் சர்வருக்கும் போகாமல் வீட்டுக்குள்ளேயே இருக்கும் என்பதில் எனக்குக் கொஞ்சம் பெருமையும் இருந்தது.

வெளியிலிருந்து அதை எட்டுவதுதான் பாடாய்ப் படுத்தியது. பல வீடுகளுக்கு ஒரே பொது ஐ.பி. முகவரியைப் பங்கிட்டுத் தருகிற இணைப்பு எங்களுடையது. ரவுட்டரில் போர்ட் திறந்தும் பயனில்லை. கடைசியில் டெயில்ஸ்கேல் கைகொடுத்தது. வீட்டுக் கணினியும் என் போனும் தாங்களே வெளியே கிளம்பிப் போய், மறையாக்கப்பட்ட தடம் ஒன்றில் சந்தித்துக்கொள்கின்றன. செயலியில் உள் முகவரி, வெளி முகவரி இரண்டையும் கொடுத்துவிட்டால், எந்த வைஃபையில் இருக்கிறோம் என்று பார்த்து அதுவே மாறிக்கொள்ளும். மின்சார ரயிலில் நின்றுகொண்டே ஊரில் மோட்டாரை நிறுத்தினேன்.

ஒரு காலையில் போனில் கேட்டேன்: "ராத்திரி 2.40க்கு அடுப்பங்கரையில என்னம்மா பண்ணின?"

சற்று நேரம் பேச்சில்லை. பிறகு சொன்னாள்: "உங்க அப்பா இருக்கும்போது வாசப்படி தாண்டணும்னாத்தான் சொல்லிட்டுப் போணும். இப்ப அடுப்பங்கரைக்குப் போறதுக்கும் கணக்குச் சொல்லணுமாட்டி?"

எனக்குக் கோபம்தான் வந்தது. விழுந்து கிடந்தால் யாருக்குத் தெரியும்? உன் நல்லதுக்குத்தானே? அந்தச் சொல்லை வாய்விட்டுச் சொன்னபோதுதான் காதில் விழுந்தது. எனக்கு விதித்த ஒவ்வொரு தடையும் 'உன் நல்லதுக்குத்தான்' என்றே வந்தது.

போன் மணியை அவள் எடுக்காமல் விடலாம். "சாப்பிட்டேன்" என்று பொய் சொல்லலாம். வீட்டுக்கு வருகிறவரைத் திண்ணையிலேயே பேசி அனுப்பலாம். தடையற்ற இணைப்பு என்று நான் கொண்டாடியது, அவள் மறுக்கக்கூடிய அந்த இடங்களைத்தான் துடைத்துப் போட்டிருந்தது. யார் கதவு எப்போது திறந்தது என்று அந்த மென்பொருள் மாற்றாமல் விட்டால் பத்து நாள் குறித்து வைத்திருக்கும். பொய் சொல்ல வழியில்லாத வீட்டில் ஒருத்தி எவ்வளவு நாள் மனுஷியாக இருக்க முடியும்?

2018இல் நியூயார்க் டைம்ஸில் வந்த செய்திக் கட்டுரை ஒன்று நினைவுக்கு வந்தது. போட்ட ஏ.சி. தானாக அணைகிறது, கதவுப் பூட்டின் எண் தினமும் மாறுகிறது, அழைப்பு மணி அடிக்கிறது, வாசலில் ஆளில்லை என்று பெண்கள் சொல்லியிருந்தார்கள். பெரும்பாலும் கருவிகளை மாட்டியவன் ஆண், கடவுச்சொல் அவனிடம். நான் அவனில்லை என்று சொல்லிக்கொள்ளலாம். ஆனால் ஹோம் அசிஸ்டெண்டில் முதலில் கணக்குத் தொடங்குகிறவர்தான் 'உரிமையாளர்'. வீட்டுப் பத்திரம் அம்மா பெயரில் இருந்தது. அந்தக் கணக்கு என் பெயரில் இருந்தது. ஒரே இருக்கை, உட்கார்ந்தது மகள்.

தீபாவளிக்குப் போனபோது எல்லாவற்றையும் அழித்து மறுபடி நிறுவினேன். முதல் கணக்கை அம்மாவைக் கொண்டே தொடங்கினேன். கடவுச்சொல்லைப் பஞ்சாங்கத்தின் பின்னட்டையில் எழுதிக்கொண்டாள். (பாதுகாப்பு வல்லுநர்கள் மன்னிக்க.) பூஜையறைப் பக்கம் ஒரு பொத்தான் வைத்தேன். ஒருமுறை அழுத்தினால் டெயில்ஸ்கேல் நின்றுவிடும், எனக்கு வீடு தெரியாது. இன்னொருமுறை அழுத்தினால் தெரியும். விளக்கும் மோட்டாரும் உள்ளேயே இயங்குவதால் அவளுக்கு எதுவும் குறையாது. எதிர்வீட்டு அக்காவிடம் ஒரு சாவி கொடுத்தோம். விழுந்தால் என்ன செய்வது என்ற பயம் அதனால் தீரவில்லை.

போன வாரம் இரண்டு நாள் பொத்தான் அணைந்தே இருந்தது. கூப்பிட்டுக் கேட்கக் கை பரபரத்தது, கேட்கவில்லை. மூன்றாம் நாள் அவளே கூப்பிட்டாள், இட்லி மாவு புளித்துவிட்டதென்று சொல்ல.