பீரங்கியும் பிரார்த்தனையும்
1805 அக்டோபர் 21 காலை, டிரபால்கர் முனைக்கப்பால் பிரெஞ்சு, ஸ்பானியப் படைகளின் 33 போர்க்கப்பல்கள் கண்ணெதிரே அணிவகுத்து நிற்க, 27 பிரிட்டிஷ் கப்பல்களை நடத்திச் சென்ற தளபதி நெல்சன், தம் அறையில் முழந்தாளிட்டு, வெற்றியையும், வெற்றிக்குப் பின் தம் படையினர் கருணையோடு நடந்துகொள்வதையும் வேண்டி, நாட்குறிப்பில் ஒரு பிரார்த்தனை எழுதினார். பகைவர் துறைமுகங்களுக்கு வெளியே ஆண்டுக்கணக்காகக் காவலிருந்து, புயலிலும் பீரங்கிப் பயிற்சியிலும் புடம்போடப்பட்டவர்கள் அவருடைய மாலுமிகள். பெரும்பொழுதைத் துறைமுகத்திலேயே கழித்த எதிரிக்கு அப்பழக்கம் வாய்க்கவில்லை. அங்ஙனமாயின் ஈசுவரனிடம் கேட்க என்ன மிச்சம்? பிரயத்தனத்தில் குறையுள்ளவனே பிரார்த்திப்பான் என்று நாத்திக நண்பர்கள் நகைக்கலாம். எனக்கென்னவோ, ஆயத்தம் பூர்த்தியானவனுக்கே தன் கைக்கு எட்டாதது இன்னதென்று தெரியும் எனத் தோன்றுகிறது. கருணையை எந்தப் பயிற்சி தரும்? நெல்சன் அன்றே குண்டடிபட்டு மாண்டார். கைப்பற்றிய கப்பல்களில் பெரும்பாலானவை, அடுத்தெழுந்த புயலில் அவர் படைக்குக் கிட்டாமற் போயின.