சில்லுக்குக் கீழே ஒரு தேசிக்காய்

லண்டனில் தமிழர் ஒருவர் வாகனம் வாங்கினால் அது முதலில் ஓடுவது கோயிலுக்குத்தான். ஆர்ச்வே முருகன், விம்பிள்டன் பிள்ளையார், ஈலிங் அம்மன் என்று வீட்டுக்குக் கிட்ட எது இருக்கிறதோ அங்கே. பொனற்றில் சந்தனப் பொட்டு, ஸ்ரியரிங்கில் பூ, கண்ணாடிக்கு முன்னால் கற்பூரம். கடைசியாக நாலு சில்லுக்கும் கீழே நாலு தேசிக்காய். வண்டி ஒரு முழம் நகரும், காய் நசுங்கும், நாவூறு கழிந்தது என்று எல்லோரும் மூச்சு விடுவார்கள்.

நான் முப்பது வருடமாக இதைப் பார்த்துச் சிரிக்கிற ஆள். இந்த வருடம் அந்தச் சிரிப்பு பாதியில் நின்றுவிட்டது. காரணம் ஒரு மணவறை.

எனக்குத் தம்பி முறையான ஒருவன் மணவறை வாடகைக்குக் கொடுக்கிறான். ஹரோவில் இருக்கிறான், கல்யாணமோ குரொய்டனில், இல்ஃபோர்டில், எங்கேயும் இருக்கலாம். தூண்கள், மேடைப் பலகை, ஜெனரேட்டர், கதிரைகள் எல்லாவற்றையும் ட்ரெய்லரில் ஏற்றி, இரட்டைக் கபின் பிக்கப்பில் கொழுவி இழுத்துக்கொண்டு போவான். ஒரு சனிக்கிழமை எம்25 சாலையில், இறக்கத்தில், ட்ரெய்லர் வாலாட்டத் தொடங்கியது. முதலில் மெதுவாக, பிறகு பிக்கப்பின் பின்பக்கத்தையே பிடித்து இழுக்கும் அளவுக்கு. ஆள் பயந்து அக்சிலரேற்றரில் இருந்து காலை எடுத்தான். அதுதான் செய்யவேண்டியதும். ஆட்டம் அடங்கியது. கல்யாணமும் நடந்தது.

அடுத்த கிழமை வீட்டுக்கு வந்தான்.

"அண்ணை, லொறிச் சில்லு மாதிரிப் பெரிசாப் பூட்டப் போறன். அமெரிக்காவில பாரம் இழுக்கிற ஆக்கள் எல்லாம் உதுதான் செய்யிறாங்கள். பெரிய ரயர் போட்டா ஆடாதாம்."

"ஆர் சொன்னது?"

"எல்லாரும் சொல்லுறாங்கள்."

கோயிலில் தேசிக்காய் ஏன் வைக்கிறீர்கள் என்று நான் கேட்டபோதெல்லாம் கிடைத்த பதிலும் இதே பதில்தான்.

அமெரிக்கக்காரருக்கு நியாயம் இல்லாமல் இல்லை. அங்கே கனரகப் பிக்கப்புகளில் பத்தொன்பதரை அங்குல லொறி றிம்மைப் பூட்டுகிறார்கள். அந்த ரயரின் பக்கச்சுவர் விறைப்பானது, கூடிய காற்றழுத்தம் தாங்கும், பாரம் ஏறும்போது பிதுங்காது. ஆனால் அங்குள்ள பெரிய பிக்கப்பின் அச்சும் பிரேக்கும் அந்தப் பாரத்துக்கென்றே கட்டப்பட்டவை. ஹரோவில் நிற்கும் பிக்கப் அந்தச் சாதி இல்லை. (சாதி என்ற சொல்லை நான் பாவிக்கும் ஒரே இடம் வாகனம்தான்.)

அவனை வாசலுக்குக் கூட்டிக்கொண்டு போனேன். வாகனத்தில் ஒரு தகடு ஒட்டியிருக்கும். பெரும்பாலும் சாரதிக் கதவைத் திறந்தால் தெரியும். அதில் நாலு எண்கள்: வாகனம் பாரத்தோடு எவ்வளவு நிறை இருக்கலாம், ட்ரெய்லரோடு சேர்த்து எவ்வளவு, முன்னச்சு எவ்வளவு தாங்கும், பின்னச்சு எவ்வளவு தாங்கும். மூன்று வருடமாக அந்தக் கதவைத் திறந்து மூடுகிறவன் அன்றுதான் தகட்டைப் பார்த்தான். மொத்த நிறை 3,100 கிலோ என்று இருந்தது. பிறகு குனிந்து ரயரைப் பார்த்தோம். அளவுக்குப் பின்னால் 112 என்று ஓர் எண். அது பாரச் சுட்டெண்; 112 என்றால் ஒரு ரயர் 1,120 கிலோ தாங்கும். நாலுக்கும் 4,480. அவன் பூட்ட நினைத்த ரயரின் சுட்டெண் 121; ஒன்றுக்கு 1,450 கிலோ.

கணக்கைப் பாருங்கள். 3,100 கிலோ வாகனத்துக்கு 4,480 கிலோ தாங்கும் ரயர் ஏற்கெனவே இருக்கிறது. குறை ரயரில் இல்லை. 5,800 கிலோ தாங்கும் ரயரைப் பூட்டினாலும் தகட்டில் இருக்கும் 3,100 ஒரு கிலோகூட ஏறாது. அச்சு அதே அச்சு, கொக்கி அதே கொக்கி. லொறி றிம்மும் ரயரும் தாங்களே நிறை கூடியவை என்பதால், ஏற்றக்கூடிய பாரம் உண்மையில் குறையும்.

அப்படியென்றால் ட்ரெய்லர் ஏன் ஆடியது? அதை அறியக் குளியலறைத் தராசு ஒன்று போதுமாக இருந்தது. ட்ரெய்லரை வழமைபோல ஏற்றச் சொன்னேன். மூக்கை, அதாவது கொக்கியில் கொழுவும் முனையை, ஒரு மரக்கட்டையின் மேல் நிறுத்தி அதைத் தராசில் வைத்தோம். 18 கிலோ காட்டியது. அவனுடைய ட்ரெய்லர் பாரத்தோடு ஏறக்குறைய 1,600 கிலோ. மூக்கில் அதன் 5 முதல் 7 வீதம் இருக்கவேண்டும் என்பது இந்த நாட்டில் இழுக்கிறவர்களின் பொதுக்கணக்கு. 80 கிலோவில் இருந்து 112 வரை. மூக்கு லேசாக இருந்தால், பாரம் பின்னால் தொங்கி, வேகத்தில் வால் ஆடும்.

பாரம் ஏன் பின்னால் போனது என்பதுதான் எனக்குப் பிடித்த பகுதி. கல்யாண மண்டபத்தில் முதலில் இறக்கவேண்டியது தூண்களும் ஜெனரேட்டரும். முதலில் இறக்கவேண்டியதைக் கடைசியில்தானே ஏற்றவேண்டும்? ஆகவே ட்ரெய்லரிலேயே நிறை கூடிய சாமான்கள் எல்லாம் பின்கதவோடு ஒட்டிக்கொண்டு நின்றன. சுபமுகூர்த்தத்துக்கு நேரம் பிந்தக்கூடாது என்ற அவசரம் எம்25இல் வாலாட்டமாக வந்தது. அதற்கு ரயர் கடையில் மருந்து இல்லை.

தேசிக்காயும் பெரிய ரயரும் ஒன்று என்று நான் சொல்லவரவில்லை. தேசிக்காய் மேலானது என்று சொல்லவருகிறேன்.

தேசிக்காய் நசுங்கினால் நட்டம் தேசிக்காய்க்கு மட்டும். பெரிய ரயர் ஒவ்வொரு சுற்றிலும் பொய் சொல்லும். 30 அங்குல விட்டமுள்ள ரயரைக் கழற்றி 33 அங்குலம் பூட்டினால், ஒரு சுற்றில் வண்டி பத்து வீதம் கூடுதலாக ஓடும். வேகமானிக்கு அது தெரியாது. ட்ரெய்லரோடு மோட்டார்வேயில் சட்டம் அனுமதிப்பது 60 மைல். மானி 60 காட்டும்போது வண்டி 66இல் போகும். இந்த நாட்டுச் சட்டப்படி வேகமானி உண்மை வேகத்தைவிடக் குறைத்துக் காட்டவே கூடாது. பிரேக்கும் அப்படித்தான்: அதே அழுத்தத்துக்கு, பெரிய சில்லு ரோட்டில் பிடிக்கும் பலம் குறைவு. எஞ்சினின் இழுவையும் அதே அளவு குறையும். பாரம் இழுக்க என்று பூட்டியது இழுவையைக் குறைக்கிறது. நேர்த்தி வைத்த நோயே கூடிவிட்ட கதை. காப்புறுதிக் கொம்பனிக்குச் சொல்லாமல் பூட்டினால், விபத்தன்றுதான் அந்தக் காகிதத்தின் பெறுமதி தெரியும்.

இதில் அறக் கேள்வி ஒன்று இருக்கிறது, அதை யாரும் கேட்பதில்லை. உயரமான, பெரிய சில்லு வைத்த வாகனத்தில் இருப்பவனுக்குப் பயம் குறையும். அந்தப் பயம் எங்கேயும் போய்விடுவதில்லை. ரூட்டிங் கடைத்தெருவில் பிள்ளையைக் கையில் பிடித்துக்கொண்டு றோட்டைக் கடக்கும் தாயிடம் போகிறது. லண்டனில் 12 தொன்னுக்கு மேற்பட்ட லொறிச் சாரதிக்குக் கபினில் இருந்து நேராக எவ்வளவு தெரிகிறது என்று நட்சத்திரம் போட்டு அளக்கிறார்கள். 2024 ஒக்ரோபர் 28 முதல் மூன்று நட்சத்திரம் இல்லாவிட்டால் கூடுதல் பாதுகாப்புக் கருவிகள் கட்டாயம். பிக்கப்பை யாரும் அப்படி அளப்பதில்லை. அளக்கப்படாத இடத்தில்தான் மனிதனுடைய மனச்சாட்சிக்கு வேலை இருக்கிறது. அங்கேதான் அது நித்திரை கொள்கிறது.

அரசாங்கமும் யோக்கியம் இல்லை. 1997 முதல் கார் அனுமதிப்பத்திரம் எடுத்தவர்கள் பெரிய ட்ரெய்லர் இழுக்கத் தனிச் சோதனை சித்தியடையவேண்டும் என்று இருந்தது. லொறிச் சாரதிகளுக்குத் தட்டுப்பாடு வந்ததும், சோதனையாளர்களின் நேரத்தை மிச்சம் பிடிக்க 2021 டிசம்பர் 16 அன்று அந்தச் சோதனையையே எடுத்துவிட்டார்கள். இன்றைக்கு ஒரு பிள்ளை கார் சோதனை சித்தியடைந்த மறுநாளே 3,500 கிலோ ட்ரெய்லரை இழுத்துக்கொண்டு போகலாம். மூக்குப் பாரம் என்ற சொல்லையே அது கேட்டிருக்காது. படிப்பை எடுத்துவிட்டால் அந்த இடத்தில் நம்பிக்கை வந்து குந்தும். கோயிலைக் குறை சொல்லமுன் வெஸ்ற்மின்ஸ்ரரையும் சொல்லவேண்டும்.

யாழ்ப்பாணம் மத்திய கல்லூரியில் படிப்பித்த ஆபிரகாம் கோவூர் 1963இல் ஒரு சவால் விட்டார்: அற்புத சக்தியை ஏமாற்று இல்லாமல் நிரூபித்தால் ஒரு லட்சம் ரூபாய். 1978இல் அவர் இறக்கும்வரை யாரும் அதை வெல்லவில்லை. எங்கள் ஊரில் அவரைப் படித்து வளர்ந்த ஒரு தலைமுறை இருக்கிறது. நானும் அதில் ஓராள். சாமியாரிடம் நிரூபணம் கேட்கப் பழகினோம். ரயர் கடைக்காரனிடம் கேட்கப் பழகவில்லை. இரும்பும் ரப்பரும் என்றால் அது விஞ்ஞானமாகத்தான் இருக்கும் என்று நினைத்துவிட்டோம்.

கண்ணால் கண்டதும் பொய்க்கும் என்பதற்கு ஒரு சம்பவம். 2012 செப்ரெம்பர், வைற் தீவில் இசைவிழா முடிந்து இளைஞர்களை ஏற்றிக்கொண்டு லிவர்பூல் பக்கம் போன பஸ், சரே மாவட்டத்தில் ஹைன்ட்ஹெட்டுக்குக் கிட்ட ஏ3 சாலையில் முன்ரயர் வெடித்து விபத்துக்குள்ளானது. மூன்று பேர் இறந்தார்கள். அதில் மைக்கேல் மொலோய்க்கு வயது 18. வெடித்த ரயருக்கு வயது 19. தவாளிப்பு ஆழமாகவே இருந்தது. சட்டம் கேட்டது அதைத்தான், வயதை அல்ல. மைக்கேலின் தாய் பிரான்சிஸ் மொலோய் பழைய ரயருக்குத் தடை கேட்டு வருடக்கணக்காகப் போராடினார். 2021 பெப்ரவரி 1 முதல், பத்து வயதுக்கு மேற்பட்ட ரயரை லொறி, பஸ் ஆகியவற்றின் முன்னச்சில் பூட்டுவது தடை. மினிபஸ்ஸில் ஒற்றைச் சில்லு எதிலும் கூடாது. காருக்கும் பிக்கப்புக்கும் இந்தத் தடை இல்லை. பழைய லொறி ரயர் மலிவாகக் கிடைக்கிறது என்று தேடிப் போகிறவர்கள் இந்த வசனத்தை இரண்டு தரம் வாசிக்கவும்.

என் யோக்கியதையையும் சொல்லிவிடுகிறேன். தம்பிக்குப் பாடம் எடுத்த அன்று பின்னேரம் என் காரின் உபரிச் சில்லை எடுத்துப் பார்த்தேன். பக்கச்சுவரில் டொட் என்ற எழுத்துகளோடு வரும் வரிசையின் கடைசி நாலு இலக்கம், ரயர் செய்த கிழமையும் வருடமும். 2309 என்று இருந்தது. 2009ஆம் ஆண்டின் 23ஆவது கிழமை. இத்தனை காலம் பகுத்தறிவு பேசிக்கொண்டே அதைப் பின்னால் காவித் திரிந்திருக்கிறேன்.

தம்பி ஜெனரேட்டரையும் தூண்களையும் அச்சுக்கு நேர் மேலே, கொஞ்சம் முன்தள்ளி ஏற்றினான். தராசு 95 காட்டியது. மண்டபத்தில் இறக்கக் கால் மணித்தியாலம் கூடுதலாகப் போகிறதாம். பெரிய ரயர் வாங்கவில்லை. தேசிக்காய் வைப்பதையும் நிறுத்தவில்லை. "அது அம்மாவுக்காக அண்ணை" என்கிறான். நான் இப்போது அதைப் பற்றி வாதாடுவதில்லை.

நீங்களும் அடுத்த தரம் கோயில் வாசலில் சில்லுக்குக் கீழே காய் வைக்கக் குனிவீர்கள். குனிந்ததுதான் குனிந்தீர்கள், அந்த நாலு இலக்கத்தையும் வாசித்துவிட்டு நிமிருங்கள்.