பிறர் துயரும் நம் விரலும்

கலை, உள்ளத்து உணர்ச்சியின் வெளிப்பாடு என்பர். அங்ஙனமாயின், தன் உள்ளம் அறியாத உணர்ச்சியை ஒருவர் வெளிப்படுத்துவது பொய்யாகாதோ? இஃது ஏட்டளவில் நிற்கும் வினா அன்று. கொல்கத்தா நியூ டவுனின் அடுக்குமாடி இல்லங்களில் பியானோ பயிலும் நம் பிள்ளைகள் உயர்நிலைத் தேர்வுக்கு ஆயத்தமாகும்போது எழுகின்ற வினாவும் இதுவே.

இம்மாநகருக்கு மேலையிசை புதியதன்று. கல்கத்தா இசைப்பள்ளி 1915ஆம் ஆண்டிலேயே தோன்றியது. இலண்டனைத் தலைமையிடமாகக் கொண்ட ஏ.பி.ஆர்.எஸ்.எம். நிறுவனத்தின் எட்டாம் நிலைச் செய்முறைத் தேர்வில் மொத்த மதிப்பெண் 150. தேறுவதற்கு 100 வேண்டும். மாணவர் வாசிக்கும் மூன்று இசைப்படைப்புகளுக்குத் தனித்தனியே 30 மதிப்பெண். அவற்றுள் ஒன்று, விரலின் விரைவைக் காட்டிலும் உணர்ச்சியின் குழைவையே பெரிதும் வேண்டி நிற்பது.

அத்தகையதொரு துயரிசையைப் பதினைந்து வயதுச் சிறுமி பயில்வதாகக் கொள்வோம். 'இவ்விடத்தில் மெல்ல, இவ்விடத்தில் ஓங்கி' என ஆசிரியர் தாளில் குறித்துத் தருகிறார். துயரறியாப் பிள்ளையிடம் துயரத்தைக் கேட்டு, அதற்கு மதிப்பெண்ணும் இடுவது, நடிப்பைக் கற்பிப்பதன்றோ என்று பெற்றோர் சிலர் ஐயுறுவது இயல்பே.

இவ்வையத்திற்குச் சிலப்பதிகாரம் விடை தருகின்றது. ஏழாண்டுப் பயிற்சிக்குப் பின், பன்னிரண்டாம் வயதில் சோழ மன்னன்முன் அரங்கேறியவள் மாதவி. பிற்காலத்தில் கடற்கரையில் அவள் வேறொருவனை எண்ணியவள்போல் பாட, பாட்டின் உணர்ச்சியைப் பாடியவளின் உணர்ச்சியென்றே கொண்டு கோவலன் பிரிந்தான். அவ்வொரு பிழையிலிருந்து விளைந்த கேடு நாமறிந்ததே.

ஆகவே, பாடுவோர் அத்துயரைத் தாமே துய்த்திருத்தல் வேண்டும் என்பதில்லை. எனின், கலையின் வாய்மை எங்கே உள்ளது? செவியில் உள்ளது. போலந்து நாட்டு இசைமேதை சோப்பின் (1810–1849) தம் மாணவரை நல்ல பாடகர்களைக் கேட்குமாறு பணித்தார். இடக்கை காலம் பிறழாது நிற்க, வலக்கை பாடகர்போல் நெகிழ்ந்து செல்லலாம் என்றார். தாளம் நிற்க இராகம் உலவுவதை அறிந்த நமக்கு இது விளங்காததன்று. ஓர் இசைத்தொடரை முதலில் வாயால் பாடி, மூச்சு எங்கே முடிகிறதென்று அறிந்து, பின்னர் விரலுக்குக் கொணர்தலே மெய்ப்பயிற்சி. தேர்வாளர் அளப்பனவும் சுரம், காலம், நாதம், வடிவம், நிகழ்த்தும் திறன் ஆகியனவே, கண்ணீர் அன்று. செவி கேளாதிருக்க, உடலை மட்டும் அசைத்து உருக்கம் காட்டுவதே பொய்.

பிறமொழி வழங்கும் ஊரில் வாழும் நாம், அண்டைவீட்டாரின் இழப்பில் அவர்தம் மொழியில் ஆறுதல் கூறக் கற்றோம். சொற்களும் நம்முடையன அல்ல; துயரும் நம்முடையதன்று. எனினும் அவ்வாறுதல் பொய்யன்று. அவர்கள் கூறுவதைப் பொறுமையுடன் கேட்டபின் பிறந்தது அது. நம் பிள்ளை பியானோவின்முன் கற்பதும் இதனையே. மதிப்பெண் பட்டியல் வரும் நாளில், 'எவ்வளவு பெற்றாய்?' என்பதோடு நில்லாது, 'அந்த இசையில் என்ன கேட்டாய்?' என்றும் வினவுவோமாக.