எங்கே, யாருக்கு

பழவேற்காடு ஏரியில் இறால் எங்கே மிகும் என்பது மீனவர்களுக்குத் தெரியும். ஆனாலும் அந்த இடம் இன்று யாருக்கு என்பதைச் சொல்வது பாடு: சீட்டு, முறை, சுழற்சி.

1999இல் ஹைதராபாத்தில் தொடங்கிய இன்காய்ஸ் மையம், செயற்கைக்கோள் காட்டும் கடல் வெப்பத்தையும் பச்சையத்தையும் கொண்டு, கடலில் மீன் கூடும் இடத்தைக் கணித்துச் சொல்கிறது. செயற்கை அறிவு இதை இன்னும் கூர்மையாக்கலாம். அது 'எங்கே' என்பதற்கு விடை. அதையே 'யாருக்கு' என்பதற்கும் விடையாக வைத்துக்கொள்வதில்தான் அபாயம்.

பாடு நியாயமானது என்றல்ல. உரிமைப் பட்டியலுக்கு வெளியே நிற்பவர்களுக்குச் சீட்டே இல்லை. ஆனால் அந்த அநியாயத்துக்கு முகம் உண்டு. எதிரே நின்று கேட்கலாம். சீட்டுக்குக் கண்ணில்லை. யந்திரமோ நம்மை எடைபோட்டு ஒதுக்கும். அதன் பஞ்சாயத்து எந்த ஊரில் கூடும்?