கேலரியில் ஆறு பேர்

அக்கா மகன் ஆடுகிறான் என்று ஒரு பாஸ்கெட்பால் மேட்ச் பார்க்கப் போனேன். பூந்தமல்லி தாண்டி, பெங்களூர் ரோட்டில் செம்பரம்பாக்கம். ஒரு காலத்தில் அந்தப் பெயரைச் சொன்னால் ஏரி ஞாபகம் வரும். 2015 டிசம்பருக்குப் பிறகு வெள்ளம் ஞாபகம் வருகிறது. அங்கிருந்து ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் என்று போகப் போக கம்பெனி, கம்பெனி பஸ், நடுவே எங்கே திரும்பினாலும் ஓர் இன்ஜினீயரிங் காலேஜ் போர்டு. அப்படியொரு காலேஜின் கோர்ட்டில்தான் யுனிவர்சிட்டியின் ஸோனல் மேட்ச்.

ஸ்கோரை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். 81-24. அக்கா மகனின் டீம் 24.

'பத்து பத்து நிமிடமாக நாலு குவார்ட்டர். நாற்பது நிமிடத்தில் 24 பாயின்ட்டா?' என்று சிரிக்காதீர்கள். எதிர் டீமில் ஐந்து பேரும் ஆறடிக்கு மேல். எங்கள் பையன்கள் பந்தைத் தூக்கினால் அது கூடைக்குப் போவதற்குள் வழியில் ஒரு கை முளைத்தது. மூன்றாவது குவார்ட்டர் முடிந்தபோதே ஆட்டம் முடிந்துவிட்டது. ஆனாலும் ஜெயிக்கிற கோச் தன் முதல் ஐந்து பேரை வெளியே எடுக்கவில்லை. கடைசி நாலு நிமிடத்தில்தான் மனசு வந்து இரண்டு பேரை மாற்றினார்.

நான் பார்த்தது அதை அல்ல. எனக்குப் பக்கத்தில், கேலரிப் படியில், ஆறு பையன்கள் உட்கார்ந்திருந்தார்கள். எல்லோரும் நெட்டை. எல்லோரும் ஜெயித்துக்கொண்டிருந்த காலேஜின் டி-ஷர்ட். கைதட்டவும் இல்லை, கத்தவும் இல்லை. மொபைலைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"நீங்க ஆடலையா தம்பி?"

"நாங்க எக்ஸ்ட்ரா சார்."

ஒரு டீமுக்கு 12 பேர்தான் பெயர் கொடுக்கலாம். அந்தக் காலேஜ் பாஸ்கெட்பாலுக்கு என்று ஸ்போர்ட்ஸ் கோட்டாவில் சேர்த்திருப்பது 18 பேர். ஐந்து பேர் உள்ளே. ஏழு பேர் பெஞ்சில். மீதி ஆறு பேர் கேலரியில்.

நான் பேசிய பையனுக்குச் சுங்குவார்சத்திரம் பக்கம் ஒரு கிராமம். ஆறடி மூன்று அங்குலம். அப்பா ஒரகடத்தில் உதிரிபாகக் கம்பெனி ஒன்றில் கான்ட்ராக்ட் லேபர். பையனுக்கு ஃபீஸ் கிடையாது, ஹாஸ்டல் ஃப்ரீ, சாப்பாடு ஃப்ரீ. இப்போது மூன்றாம் வருடம். கடைசியாக அவன் ஒரு நிஜ மேட்ச் ஆடியது ப்ளஸ் டூவில்!

"தினமும் ரெண்டு வேளை ப்ராக்டீஸ் இருக்கு சார். மேட்ச்தான் இல்ல" என்றான். குறை சொல்கிற குரலில் அல்ல. பஸ் டைமிங் சொல்வதுபோல.

தோற்ற டீமின் பி.டி. மாஸ்டரிடம் இதைச் சொன்னேன். அவருக்கு அந்தப் பையனை நன்றாகத் தெரிந்திருந்தது.

"அவனை நான் கூப்பிட்டேன் சார். எங்க மேனேஜ்மென்ட்ல அரை ஃபீஸ்தான் விட்டுக்கொடுப்பாங்க. அவங்க முழுசும் கொடுத்தாங்க. போயிட்டான். அவனைத் தப்பு சொல்ல மாட்டேன். அவன் அப்பா எடத்துல நான் இருந்தாலும் அங்கதான் சேர்ப்பேன். ஆனா எங்கிட்ட வந்திருந்தா நாப்பது நிமிஷமும் ஆடியிருப்பான்."

ஜெயித்த கோச்சிடமும் போனேன். வில்லன் மாதிரி ஒருவரை எதிர்பார்த்துத்தான் போனேன்; ஏமாற்றம். மிகவும் மரியாதையான மனிதர். "இந்த ஆறு பேரையும் எதுக்கு வச்சிருக்கீங்க?" என்று கேட்டதும், அவர் மழுப்பவில்லை.

"நான் விட்டா அடுத்த காலேஜ் எடுக்கும் சார். அடுத்த வருஷம் ஃபைனல்ல எனக்கு எதிரா நிப்பான். எதிராளிக்கு நானே ஏன் ஆள் கொடுக்கணும்? நானும் கான்ட்ராக்ட் ஸ்டாஃப்தான். கப் வரலைன்னா அடுத்த ஜூன்ல எனக்கு ஆர்டர் வராது."

இதுதான் விஷயம். நீங்களே சொல்லுங்கள், இதில் யார் குற்றவாளி? காலேஜ் ஓர் ஏழைப் பையனுக்கு இலவசப் படிப்பு கொடுக்கிறது. பையன் சந்தோஷமாக ஒப்புக்கொண்டு சேர்கிறான். கோச் தன் வேலையைக் காப்பாற்றிக்கொள்கிறார். யாரும் யாரையும் ஏமாற்றவில்லை. ஆனால் ஆறு நல்ல ஆட்டக்காரர்கள் மூன்று வருடமாக ஆடாமல் இருக்கிறார்கள். ஐந்தாறு சின்ன காலேஜ்கள் 24 பாயின்ட்டில் நிற்கின்றன.

நான் படித்தது பி.காம். வியாபாரத்தில் போட்டியாளன் என்றால் யார் என்பது எனக்குத் தெரியும். எதிர்க் கடை ஷட்டரை இறக்கினால் என் கல்லாவுக்கு நல்லது. ஆனால் விளையாட்டு அப்படியில்லை. இதைப் பற்றி வால்டர் நீல் என்ற பொருளாதாரப் பேராசிரியர் 1964-லேயே ஒரு கட்டுரை எழுதினார். உதாரணத்துக்கு அவர் எடுத்துக்கொண்டது குத்துச்சண்டை. ஹெவிவெயிட் வீரர் ஜோ லூயிஸை 1936-ல் மேக்ஸ் ஷ்மெலிங் வீழ்த்தினார். 1938-ல் லூயிஸ் அவரை முதல் ரவுண்டிலேயே சாய்த்துப் பழி தீர்த்தார். உலகமே காது கொடுத்துக் கேட்ட சண்டை அது. ஷ்மெலிங் என்றொரு பலசாலி இல்லையென்றால் லூயிஸ் யாரைக் குத்தி என்ன பயன்? டிக்கெட் வாங்க யார் வருவார்கள்? வியாபாரி ஏகபோகத்துக்கு ஆசைப்படலாம். வீரன் ஆசைப்பட்டால் அவன் தொழிலே போய்விடும் என்பதுதான் நீல் சொன்ன வேடிக்கை.

இந்த ஞானம் அமெரிக்காக்காரனுக்கு நன்றாகவே உண்டு. நம்மூர் ஸோன் மாதிரி அங்கே காலேஜ்கள் கூட்டமாகச் சேர்ந்து ஆடும். அதற்குக் கான்ஃபரன்ஸ் என்று பெயர். ஒரு கான்ஃபரன்ஸிலிருந்து தேசியப் போட்டிக்குப் போகும் டீம் அங்கே எத்தனை மேட்ச் ஆடுகிறதோ, அதற்கேற்ப அந்தக் கான்ஃபரன்ஸுக்குப் பணம் வரும். ஆறு வருடம் வரும். அதைப் பெரும்பாலும் எல்லாக் காலேஜும் பங்கு போட்டுக்கொள்ளும். அதாவது, ஜனவரியில் என்னைத் தோற்கடித்த பக்கத்துக் காலேஜ் மார்ச்சில் வெளியூர் டீமைத் தோற்கடித்தால் என் காலேஜ் கல்லாவிலும் காசு விழும்! தேசியப் போட்டிக்கு ஆள் எடுக்கும்போதும், யாரை ஜெயித்தாய் என்று பார்ப்பார்கள். சொத்தை டீமை அறுபது பாயின்ட்டில் ஜெயித்துவிட்டுப் போய் நின்றால் பெரிய மரியாதை கிடையாது.

இன்னொன்று. ஒரு காலேஜ் பாஸ்கெட்பாலுக்கு எத்தனை பேருக்கு உதவித்தொகை கொடுக்கலாம் என்பதற்கு அங்கே உச்சவரம்பு இருந்தது. முதல் நிலை ஆண்கள் டீமுக்குப் பல வருடங்களாக 13. 2025-ல் காலேஜ்களே ஆட்டக்காரர்களுக்கு நேரடியாகப் பணம் தரலாம் என்று கோர்ட் ஒப்புக்கொண்டபோது அந்த வரம்பு போய், புதிய ஏற்பாட்டுக்குள் வந்த காலேஜ்களுக்கு டீமில் மொத்தமே 15 பேர் என்று வந்தது. பணக்காரக் காலேஜ் ஊரில் உள்ள நெட்டைப் பையன்களையெல்லாம் வாங்கிக் கொட்டகையில் கட்டிவைக்க முடியாது.

உடனே அமெரிக்கா ராமராஜ்யம் என்று நினைத்துவிடாதீர்கள். நூறு வருடத்துக்கு மேல் பழசான பசிபிக் கரைக் கான்ஃபரன்ஸ் ஒன்றிலிருந்து, டி.வி. பணத்துக்காக, 2024-ல் பன்னிரண்டு காலேஜில் பத்து கிளம்பிப் போயின. அங்கேயும் மனிதர்கள்தான்.

பலவீனமான எதிரிகளோடு ஆடி ஆடி ஜெயிக்கிறவன், பலசாலியைச் சந்திக்கும்போது என்ன ஆவான்? 2021-ல் கொன்ஸாகா என்ற காலேஜ் 31 மேட்ச் ஆடி 31-லும் ஜெயித்து ஃபைனலுக்கு வந்தது. அதன் கான்ஃபரன்ஸ் அவ்வளவு கெட்டியானது அல்ல. ஃபைனலில் எதிரே பேய்லர். கெட்டியான கான்ஃபரன்ஸில் அடிபட்டு வந்த டீம். 86-70 என்று கொன்ஸாகா தோற்றது. 'பார்த்தீர்களா!' என்று நான் மேஜையைத் தட்டலாம்தான். ஆனால் 2010-ல் பட்லர் என்ற சின்ன காலேஜ், அதுவும் சாதாரணக் கான்ஃபரன்ஸிலிருந்து வந்து, டியூக் மாதிரி ஜாம்பவானிடம் ஃபைனலில் 61-59 என்றுதான் தோற்றது. பாதிக் கோர்ட்டிலிருந்து எறிந்த கடைசிப் பந்து வளையத்தில் பட்டுத் திரும்பியது. அடுத்த வருடமும் பட்லர் ஃபைனலுக்கு வந்தது. ஆகவே ஒரு மேட்சை வைத்துத் தத்துவம் பேசக்கூடாது. நம் கோச் நாளைக்கே தேசிய அளவில் ஜெயித்துக் காட்டிவிடலாம். அப்போதும் கேலரியில் ஆறு பேர் உட்கார்ந்திருப்பார்கள் என்பதுதான் என் கவலை.

உட்கார்ந்திருந்தால் என்ன நஷ்டம்? படிப்பு ஓசிதானே என்று கேட்கலாம். நானும் அப்படித்தான் நினைத்தேன். பி.டி. மாஸ்டர்தான் கணக்குப் போட்டுக் காட்டினார். நம் ஊரில் காலேஜில் பாஸ்கெட்பால் ஆடுகிறவனின் கனவு என்.பி.ஏ. கிடையாது. ஐ.சி.எஃப்., சதர்ன் ரயில்வே, ஐ.ஓ.பி., இன்கம்டாக்ஸ். விளையாட்டு வீரர்களுக்குத் தமிழக அரசு வேலையிலும் மூன்று சதவிகிதம் உண்டு. இவற்றுக்கெல்லாம் ஆடிய அத்தாட்சி வேண்டும். மத்திய அரசு வேலைக்கு, யுனிவர்சிட்டி டீமில் ஆடி, மற்ற யுனிவர்சிட்டிகளோடு மோதியதற்கு 'ஃபார்ம் 3' என்று ஒரு படிவம் இருக்கிறது. யுனிவர்சிட்டி டீமை எப்படி எடுக்கிறார்கள்? ஸோனல் மேட்சுகளில் கண்ணில் பட்டவர்களைத்தான் தேர்வுக்குக் கூப்பிடுகிறார்கள். கேலரியில் இருப்பவன் யார் கண்ணில் படுவான்?

அந்தப் பையன் சின்ன காலேஜில் ஆடி, தோற்றே போயிருந்தாலும், மேட்சுக்கு இருபது பாயின்ட் போட்டிருந்தால் தேர்வாளர் பெயரைக் குறித்திருப்பார். அவனுக்கு நாலு வருட ஃபீஸ் கொடுத்து வாங்கியது அவன் ஆட்டத்தை அல்ல, அவன் ஆடாமல் இருப்பதை. அது அவனுக்கே தெரியாது என்பதுதான் எனக்கு உறுத்துகிறது. சேரும்போது 'நீ பதினெட்டாவது ஆள், உன்னை இறக்க மாட்டோம்' என்று யாராவது சொல்லியிருந்தால் அவன் சம்மதத்தை நானும் ஒப்புக்கொண்டிருப்பேன்.

ஒரகடம் ரோட்டில் போகும்போது பார்த்திருப்பீர்கள். நெல் விளைந்த நிலத்தை வாங்கி, கல் நட்டு, வேலி போட்டு, சும்மா வைத்திருப்பார்கள். விலை ஏறட்டும் என்று காத்திருப்பதாவது ஒரு கணக்கு. பக்கத்து நிலத்துக்காரன் பயிர் வைத்துவிடக்கூடாது என்பதற்காகவே வாங்கித் தரிசாகப் போடுகிறவனை என்னவென்று சொல்வது? பட்டா அவன் பெயரில் இருக்கிறது. சட்டம் அவனை ஒன்றும் செய்யாது. நிலத்துக்காவது பரவாயில்லை, அடுத்த வருடமும் அது அங்கேயே கிடக்கும். இருபது வயது அப்படிக் கிடக்காது.

திறமைசாலியை நல்ல காலேஜ் எடுத்துக்கொள்வதை நான் குறை சொல்லவில்லை. சின்ன காலேஜைத் தூக்கிவிட வேண்டும் என்று ஒரு பையன் தன் ஃபீஸைத் தியாகம் செய்யவும் வேண்டாம். பன்னிரண்டு பேரை எடுங்கள், பதின்மூன்று கூட எடுங்கள். யுனிவர்சிட்டி ஒரு வரியில் விதி போட்டால் போதும், கோச் சொன்ன 'நான் விட்டா அடுத்தவன் எடுப்பான்' என்ற பயத்துக்கும் வேலை இல்லாமல் போகும். எல்லோருக்கும் ஒரே வரம்பு என்றால் கான்ட்ராக்ட் ஸ்டாஃபும் நிம்மதியாகத் தூங்கலாம். அதுவரை? அறுபது பாயின்ட்டுக்குப் பக்கத்தில் முன்னணியில் இருக்கும்போதாவது முதல் ஐந்து பேரை உட்காரவைத்துவிட்டு பெஞ்சை இறக்கலாமே. இதற்கு எந்த விதியும் தேவையில்லை. இதை அவரிடமே கேட்டேன். "ரிதம் போயிடும் சார்" என்றார். சொல்லிவிட்டுக் கொஞ்ச நேரம் தரையைப் பார்த்தார்.

கிளம்பும்போது பி.டி. மாஸ்டர் அவரிடம் வந்தார். "மாஸ்டர், அந்த ஆறு பசங்களையும் ஞாயித்துக்கிழமை எங்க கோர்ட்டுக்கு அனுப்புங்க. எங்க பசங்களோட சும்மா ஒரு மேட்ச். எங்களுக்கும் ப்ராக்டீஸ்."

"லெட்டர் எதுவும் வேணாம்" என்றார் கோச். "அவங்களா வந்த மாதிரி வரட்டும்."

சுங்குவார்சத்திரம் பையனிடம் விஷயத்தைச் சொன்னேன். முகம் மலர்ந்தது. அப்புறம் கேட்டான்: "அதுக்கு சர்ட்டிஃபிகேட் எதுவும் தருவாங்களா சார்?"

இல்லை என்றேன். "பரவால்ல சார்" என்றான்.

ஞாயிற்றுக்கிழமை மேட்ச் நடந்தது. நான் போகவில்லை. சாயங்காலம் அக்கா மகன் போன் பண்ணினான்.

"மாமா, அந்த அண்ணன் எங்களைப் பின்னி எடுத்துட்டாரு மாமா. நாலு பேர் சேர்ந்து மறிச்சும் முடியல. அடுத்த வாரமும் வரச் சொல்லியிருக்கோம்."

தோற்றவன் குரலில் அவ்வளவு சந்தோஷம்.