இல்லாத நோயாளிக்கும் கடன் உண்டா?

மருத்துவ மாணவர்களையே நோயாளி ஒருவரைக் கற்பனையில் படைக்கச் சொல்லும் பயிற்சி இன்று பல கல்லூரிகளில் இடம்பெற்றுள்ளது. பாடநூலில் ஒரு நோயைப் படித்தவர், அந்நோய் கண்ட மனிதர் ஒருவரின் வரலாற்றை எழுதுகிறார்: வயது, தொழில், அறிகுறிகள், சோதனை முடிவுகள். சக மாணவர்கள் வினாக்களால் துருவி நோயை இனங்காண வேண்டும். ஒப்பிப்பதைவிட இது மனத்தில் ஆழப் பதியும் என்பதில் நமக்கு ஐயமில்லை. நாம் எழுப்ப விரும்பும் வினா வேறு. ஒருபோதும் பிறக்காத அந்த நோயாளியிடத்தும் அவரைப் படைத்தவருக்குக் கடமை உண்டா?

விரிவுரை மட்டும் போதாது என்று முன்பே உரக்கச் சொன்னவர்களுள் ஒருவர் மாணவரே. ஹார்வர்டில் மருத்துவம் பயின்ற வால்டர் கேனன், சட்டம் பயின்ற தம் அறைத்தோழர் வழக்குகளை வைத்து ஆர்வத்தோடு கற்பதைக் கண்டு, மருத்துவத்தையும் நோயாளிகளின் வரலாறுகளைக் கொண்டே கற்பிக்கலாம் என 1900இல் எழுதினார். 1969இல் கனடாவின் மக்மாஸ்டர் பல்கலைக்கழகம் தன் முதல் மருத்துவ மாணவர்களைச் சிறு குழுக்களாக அமர்த்தி, நோயாளியின் சிக்கலிலிருந்தே பாடத்தைத் தொடங்கியது. இவற்றிலெல்லாம் வரலாற்றைத் தந்தவர் ஆசிரியர். எழுதுகோல் மாணவர் கைக்கு மாறும்போது புதியதோர் அறச்சிக்கலும் உடன் வருகிறது.

ஏனெனில் படைப்பவருக்கு முடிவு முன்னரே தெரியும். நோயை முதலில் வைத்து, மனிதரைப் பின்னர் அதன் அளவுக்குத் தைக்கிறார். காசநோய்க்கு ஒருவரை எழுதுவதாகக் கொள்வோம். பெண், வயது 34, மூன்று வாரமாக இருமல், மாலைதோறும் காய்ச்சல், எடை குறைவு. சிகிச்சை ஆறு மாதம். இரண்டாம் மாதத்தில் மருந்தை நிறுத்தினார், நோய் மீண்டது. காரணம் என்ற இடத்தில் மாணவர் ‘பொறுப்பின்மை’ என ஒரே சொல்லில் முடிக்கிறார். மருத்துவச் செய்திகளில் பிழை ஏதுமில்லை. ஆனால் குழுவில் ஒருவர் விடாமல் கேட்கிறார்: "மருந்தை நிறுத்திய நாளில் அவர் எப்படி இருந்தார்?"

எழுதியவரிடம் விடையில்லை, தேடவேண்டியுள்ளது. தேடினால், சில வாரங்களிலேயே இருமலும் காய்ச்சலும் தணிந்து, நோய் போய்விட்டதென்றே தோன்றும் என்று அறிகிறார். ரிஃபாம்பிசின் சிறுநீரைச் செம்மஞ்சளாக்கும். முன்கூட்டிச் சொல்லப்படாதவருக்கு அது இரத்தம்போலத் தோன்றி அச்சமூட்டும். குமட்டலோடு வேலைக்குச் செல்ல இயலாவிடில் அன்றைய கூலி போகும். மாத்திரைகளை வீட்டாருக்குத் தெரியாமல் ஒளித்து வைக்கவேண்டிய மருமகளாகவும் அவர் இருக்கலாம். ‘பொறுப்பின்மை’ என்ற சொல் இப்போது எழுதியவரையே உறுத்துகிறது. சிறுநீரின் நிறத்தைப் பற்றிச் சொல்லாமல் மருந்தைக் கொடுத்தனுப்பியவர் யார்? அந்த மருத்துவரையும் படைத்தவர் இவரே அன்றோ!

இல்லாத பெண்மேல் பழி சுமத்தினால் யாருக்கு இழப்பு என்று சிலர் கேட்கலாம். அவருக்கு இழப்பில்லைதான். எழுதும் கை பழகிவிடுகிறதே! குடிநோயாளி என்றால் கூலியாள், வலியை மிகைப்படுத்துபவர் என்றால் பெண், மருந்தை நிறுத்துபவர் என்றால் படிக்காதவர். இவை மாணவர் புதிதாகப் படைத்தவை அல்ல. அவருக்குள் முன்பே குடியிருந்தவை. தாளில் இறங்கினால்தான் பிறர் பார்த்துத் திருத்த முடியும். இப்பயிற்சியின் பெருமை நமக்கு இதிலேதான் தெரிகிறது. பார்ப்பவர் இல்லையெனில் கெடுதலே மிகும். வேலைப்பளு மிக்க ஆசிரியர்கள் மதிப்பெண் இட்டு அனுப்பிவிடுவதும் உண்டு. வார்டில் கண்ட ஒருவரைப் பெயர் மட்டும் மாற்றி எழுதுவதோ இதனினும் தீது. சிற்றூரில் ஆளை இனங்காணத் தொழிலும் பிள்ளைகளின் எண்ணிக்கையுமே போதும்.

நோயாளிபோல நடிப்பவரை மருத்துவப் பயிற்சிக்குள் 1963இல் கொண்டுவந்தவர் அமெரிக்க நரம்பியல் மருத்துவர் ஹோவர்ட் பேரோஸ். இவ்வெண்ணத்திற்கு வித்திட்டவராக அவர் நினைவுகூர்ந்தவருள் ஓர் உண்மையான நோயாளியும் உண்டு. தேர்வின்பொருட்டுத் தம்மைச் சோதித்தவர்களுள் ஒருவர் முரட்டுத்தனமாக நடந்துகொள்ளவே, அவரிடம் மட்டும் தம் அறிகுறிகளை மாற்றிக் காட்டிவிட்டாராம்! மாணவர் எழுதும் நோயாளியால் அது இயலாது; எவர் எப்படிக் கேட்டாலும் ஒரே விடையையே தருவார். எனவே, வரலாறு எழுதுவோரிடம் ஒரு வரி கூடுதலாகக் கேட்கலாம்: மருத்துவர் அவசரப்பட்டால் இவர் எதைச் சொல்லாமல் விடுவார்? அந்தக் காசநோய்ப் பெண்ணிடம் அது சிறுநீரின் நிறமாக இருக்கக்கூடும்.